30 கிலோ கண்ணாடியைச் சுவரில் நிறுத்துவது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஒரு பித்தளை விளக்கு பார்க்கத்தான் போயிருப்பீர்கள். திரும்பும்போது திருப்பத்தூர், மேலூர் வழியாக ஒரு குட்டியானையில் நாலடி உயரத் தேக்குச் சட்டம் போட்ட நிலைக்கண்ணாடி உங்களோடு மதுரைக்கு வந்துகொண்டிருக்கும். அதைச் சுவரில் சாய்த்து வைத்து நாலு நாள் அழகு பார்த்த பிறகுதான், சரி, இதை மாட்டுவது எப்படி என்ற கேள்வியே வரும்.

நான் முதல் தடவை தப்பாகத்தான் மாட்டினேன். அப்போது செல்லூரில் வாடகை வீடு. மூணு இஞ்ச் கான்கிரீட் ஆணி ஒன்று, சட்டத்தின் முதுகில் ரெண்டு கொக்கி, நடுவில் முறுக்கிய கம்பி. எட்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆணி அப்படியே இருக்கிறது, கம்பியும் அறவில்லை, சட்டம்கூடச் சுவரில்தான் தொங்குகிறது. கண்ணாடி மட்டும் தரையில் சில்லு சில்லாகக் கிடக்கிறது. கீழ்ச்சட்டம் ஒரு மூலையில் கழன்று, ஒற்றைச் சங்கிலியில் மாட்டிய ஊஞ்சல் பலகை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் வந்த ஆசாரி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆணி மேல குத்தம் இல்ல. மூலைதான் வாயப் பொளந்திருக்கு. இவ்வளவு கனத்த இந்த ரெண்டு சின்ன ஆணியா தாங்கும்?" என்றார்.

அவர் சொன்னதை அன்றுதான் யோசித்தேன். கண்ணாடியின் முழுக் கனமும் கீழ்ச்சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நாம் பிடித்துத் தொங்கவிடுவதோ பக்கச்சட்டத்தை, அல்லது மேல்சட்டத்தை. அப்படியென்றால் அந்தக் கனம் மொத்தமும் கீழ்மூலை இணைப்புகளை நாள் முழுக்க, வருஷம் முழுக்கப் பிரித்து இழுத்துக்கொண்டே இருக்கும். சின்னப் படத்துக்கு இது பொருட்டில்லை. பெரிய கண்ணாடிக்கு இதுதான் எல்லாம். அதனால் நான் இப்போது யாருக்கும் சொல்வது, கனமான கண்ணாடியைத் தொங்கவிடாதீர்கள், கீழே ஒரு கட்டை கொடுத்து அதில் உட்கார வையுங்கள், மேலே முன்பக்கம் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். பழைய வீடுகளில் கூடத்துச் சாமி படங்களைப் பார்த்திருப்பீர்களே, கீழே ஒரு மரச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும், மேலே கயிறு முன்னால் சாய்த்துப் பிடித்திருக்கும். நம் தாத்தாக்கள் இதை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் எடை தெரிய வேண்டும்

கண்ணாடி எவ்வளவு கனம் என்று தெரியாமல் ஹார்டுவேர் கடைக்குப் போனால் கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வருவோம். கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, 1 மி.மீ. கனத்துக்கு இரண்டரைக் கிலோ. அடிக்கணக்கில் சொன்னால் 4 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர அடிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 5 மி.மீ. என்றால் 1.16 கிலோ, 6 மி.மீ. என்றால் 1.4 கிலோ. நாலடிக்கு மூணடி, 5 மி.மீ. கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதுர அடி, 14 கிலோ வந்துவிட்டது. நாலு இஞ்ச் அகலம் ஒன்றரை இஞ்ச் கனத்தில் தேக்குச் சட்டம் சுற்றி வந்தால் அது ஒரு 11 கிலோ. முதுகுக்கு 6 மி.மீ. பிளைவுட் அடித்திருந்தால் இன்னொரு 4 கிலோ. ஆக 30 கிலோவுக்குப் பக்கம், ஒரு சிமென்ட் மூட்டையில் பாதிக்கு மேல். கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அதற்காக முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதைவிடக் கணக்கு மேல்.

கம்பி போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒற்றை ஆணியில் மாட்டிய கம்பி எவ்வளவு தட்டையாக, விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு இழுவிசை கூடும். படுக்கைக்கோட்டிலிருந்து 30 டிகிரி மேலேறி நின்றால் ஒவ்வொரு பக்கமும் கண்ணாடியின் முழு எடை அளவுக்கு இழுக்கும். 10 டிகிரிதான் என்றால் கிட்டத்தட்ட மூணு மடங்கு, அதாவது 30 கிலோவுக்கு ஒவ்வொரு கொக்கியிலும் 85 கிலோவுக்கு மேல். கம்பி வெளியே தெரியக்கூடாது என்று நாம் விறைப்பாகத்தானே கட்டுவோம்.

சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள்

ஒரு பாயோ பழைய மெத்தையோ விரித்து, கண்ணாடியை முகம் கீழாக வையுங்கள். தூக்கும்போது எப்போதும் நிமிர்த்தி, விளிம்பு தரைப்பக்கம் இருக்கிற மாதிரிதான் தூக்க வேண்டும். தட்டு மாதிரிப் படுக்கையாகத் தூக்கினால் நடுவில் தொய்ந்து தன் கனத்திலேயே விரிசல் விடும். ரெண்டு பேர், கையில் தடித்த துணியோ உறையோ, காலில் செருப்பு. வெறுங்காலோடு இந்த வேலை வேண்டாம்.

நாலு மூலையையும் கையால் பிடித்து லேசாகப் பிரித்துப் பாருங்கள். இடைவெளி விழுந்தால், அல்லது பழைய சட்டம் என்றால் விழாவிட்டாலும், முதுகில் நாலு மூலைக்கும் எல் வடிவ இரும்புத் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிடுங்கள். ஸ்க்ரூ நீளம் சட்டக் கனத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கண்ணாடி உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் முனை போய்விடக் கூடாது, போனால் கதை அங்கேயே முடிந்தது. மரத்தில் மாவு மாதிரித் தூள் கொட்டினால் உளுத்திருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாலே உள்ளே போகிற இடத்தில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது, அந்தத் துண்டை ஆசாரியிடம் கொடுத்து மாற்றித்தான் ஆக வேண்டும்.

சுவர் என்ன சுவர்

மதுரையில் இந்தக் கேள்விக்கு ஊரின் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு பதில். மாசி வீதிகளுக்குள்ளே, சிம்மக்கல் சந்துகளில் இருக்கிற பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். புறநகர்ப் பக்கம் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு. புது அடுக்குமாடிகளில் ஃபிளை ஆஷ் கல், ஹாலோ பிளாக், இல்லாவிட்டால் தட்டினால் பொத்துபொத்தென்று சத்தம் வரும் இலேசான வெள்ளைக் கல். ஒரே வீட்டிலேயே தூண் கான்கிரீட்டாகவும் பக்கத்துச் சுவர் நாலரை இஞ்ச் செங்கல்லாகவும் இருக்கும்.

தெரிந்துகொள்ள வழி, கண்ணாடி மறைக்கப்போகும் இடத்தில் 6 மி.மீ. டிரில் பிட்டால் ஒரு சோதனை ஓட்டை போடுவதுதான். ஓட்டைக்குக் கீழே ஒரு தாளை மடித்து டேப்பால் ஒட்டுங்கள், தூள் அதில் விழும். முதலில் சாம்பல் நிறமாக வரும், அது பூச்சு, 12 முதல் 20 மி.மீ. வரைக்கும். அப்புறம் சிவப்பாக மாறினால் செங்கல், நிம்மதி. சாம்பல் நிறமாகவே வந்துகொண்டிருந்தால் அது ஃபிளை ஆஷ் கல்லாகவோ, ரெண்டு செங்கல்லுக்கு நடுவில் இருக்கிற கலவையாகவோ இருக்கலாம். கலவை என்றால் ஒரு இஞ்ச் மேலேயோ கீழேயோ தள்ளிப் போடுங்கள். பிட் ஏறவே மாட்டேன் என்று சத்தம் போட்டால் கான்கிரீட், அதற்கு ரோட்டரி ஹேமர் வேண்டும், சாதாரண டிரில்லை வைத்து மல்லுக்கட்டினால் பிட்தான் எரியும். திடீரென்று வெண்ணெயில் இறங்கியது போல உள்ளே போய்விட்டால் ஹாலோ பிளாக்கின் பொந்து. அந்தச் சுவருக்கு உள்ளே போய் விரிகிற நைலான் பிளக் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள ஓட்டைக்குள் அடிக்கிற உறை) கேட்டு வாங்க வேண்டும். வெள்ளைக் கல்லில் டிரில்லின் ஹேமரை, அதாவது தட்டிக்கொண்டே சுற்றுகிற வேலையை, நிறுத்திவிட்டு வெறுமனே சுற்றவிட்டு ஓட்டை போடுங்கள், அதற்கென்றே வரும் நீளமான பிளக் போடுங்கள். ஜிப்சம் பலகைத் தடுப்பில் முப்பது கிலோவை மாட்ட நான் சொல்ல மாட்டேன், தரையில் நிறுத்தி மேலே மட்டும் பிடித்துவிடுங்கள்.

சுண்ணாம்புக் காரைச் சுவர் தனி ரகம். என் அத்தை வீட்டில் ஓட்டை போட்டபோது 8 மி.மீ. பிட்டுக்கு 14 மி.மீ. பள்ளம் விழுந்தது, தூள் கோதுமை மாவு மாதிரி மெத்தென்று கொட்டியது, பிளக் கையாலேயே போய்க் கையாலேயே வந்தது. இந்த மாதிரிச் சுவரில் பழைய எலெக்ட்ரீஷியன்கள் செய்த வேலைதான் இன்றைக்கும் சரி. உளியால் ரெண்டு இஞ்ச் சதுரத்தில், மூணு இஞ்ச் ஆழத்தில் குழி வெட்டுங்கள். உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் குறுகலாகவும் செதுக்கிய தேக்குக் கட்டையை உள்ளே வைத்து, குழியைத் தண்ணீரால் நனைத்து, சிமென்ட் கலவையை இறுக்கி அடையுங்கள். மூணு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, ஒரு வாரம் விட்டு, அந்தக் கட்டையில் ஸ்க்ரூ முடுக்குங்கள். கட்டை வெளியே வர வேண்டுமென்றால் சுவரே வர வேண்டும்.

சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பூச்சு உப்பி, உள்ளங்கை வைத்தால் சில்லென்று இருக்கிற சுவரில் மாட்டினால், கண்ணாடி விழாது, ஆனால் ரெண்டு மழைக்காலத்தில் கண்ணாடியின் முதுகில் பூசிய ரசம் கருத்துப் புள்ளி புள்ளியாக வந்துவிடும். கண்ணாடியின் முதுகை நேரடியாக சிலிக்கான் வைத்து ஒட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புளித்த வினிகர் வாடை வருகிற சிலிக்கான் ரசத்தை அரிக்கும், நியூட்ரல் என்று போட்டதுதான் கண்ணாடிக்கு.

எங்கே, எவ்வளவு உயரத்தில்

வாஸ்து பார்க்கிறவர்கள் வடக்கு, கிழக்கு என்பார்கள், அது உங்கள் வீட்டுப் பேச்சு. நான் பார்ப்பது ரெண்டே ரெண்டு. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதீர்கள், சுவருக்குள் பைப் அந்த வழியில்தான் போகும். பின்பக்கம் குளியலறை இருந்தால் குழாய் எந்தக் கோட்டில் ஏறுகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த அறைக்கு மின்சாரத்தை நிறுத்துகிற எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, அடுத்த அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்து டிரில் ஓட்டுங்கள்.

உயரத்துக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. தலை முதல் கால் வரை தெரிய உங்கள் உயரத்தில் பாதி நீளக் கண்ணாடி போதும், எவ்வளவு தள்ளி நின்றாலும் இதில் மாற்றம் இல்லை. கீழ்விளிம்பு, உங்கள் கண் இருக்கும் உயரத்தில் பாதிக்கு வர வேண்டும். கண் ஐந்தடியில் இருந்தால் கீழ்விளிம்பு இரண்டரை அடி. ஆனால் வீட்டில் யார் உயரம் குறைவோ அவரை வைத்துக் கீழ்விளிம்பையும், யார் உயரமோ அவரை வைத்து மேல்விளிம்பையும் முடிவு செய்யுங்கள். என் வீட்டில் நான் அளந்து குறித்த கோட்டைப் பார்த்துவிட்டு, "கொசுவம் தெரியாத கண்ணாடி எனக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார்கள், அரை அடி இறக்கினேன்.

கட்டை அடிப்பது

கீழ்க்கட்டைக்குத் தேக்கிலோ வேறு நல்ல வைரம் பாய்ந்த மரத்திலோ ஒரு ரீப்பர் கட்டை வாங்குங்கள். ரெண்டு இஞ்ச் உயரம், ஒன்றரை இஞ்ச் கனம், சட்டத்தின் அகலத்தைவிட ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் குறைவான நீளம். அதில் முதலிலேயே நாலு ஓட்டை போட்டுவிடுங்கள். ஸ்க்ரூ நாலு இஞ்ச் நீளம், 12-ஆம் நம்பர். நீளம் இவ்வளவு எதற்கு என்றால், கட்டையிலேயே ஒன்றரை இஞ்ச் போய்விடும், பூச்சில் முக்கால் இஞ்ச் போய்விடும், பூச்சு எதையும் தாங்காது, மிச்சம் செங்கல்லுக்குள் இருப்பதுதான் வேலை செய்யும். பிளக்கும் பூச்சைத் தாண்டி உள்ளே போய் உட்கார வேண்டும்.

எல்லா ஓட்டையையும் அளந்து குறித்து ஒரேயடியாகப் போடாதீர்கள், ஒன்று தப்பினாலும் கட்டை ஏறாது. ஒரு ஓரத்து ஓட்டையை மட்டும் சுவரில் போட்டு, பிளக் அடித்து, கட்டையைத் தளர்வாக ஒரு ஸ்க்ரூவில் மாட்டுங்கள். மேலே ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை மறுமுனையை ஏற்றி இறக்கி, அந்த ஓட்டை வழியாகவே பென்சிலால் குறியுங்கள். ரசமட்டம் இல்லையென்றால் கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூப்பில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், அது பொய் சொல்லாது. செல்போனில் வருகிற மட்டம் அவசரத்துக்குப் பரவாயில்லை. பழைய வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. உத்தரமே ஒரு பக்கம் இறங்கியிருந்தால் மட்டமாக வைத்த கண்ணாடிதான் கோணலாகத் தெரியும். அங்கே நான் கண்ணுக்குத்தான் கட்டுப்படுவேன், ரெண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

ஓட்டை போடும்போது பிட்டில் 7 செ.மீ. தள்ளி இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், ஆழத்துக்கு அதுதான் அடையாளம். குறித்த இடத்தில் ஆணியால் ஒரு சின்னப் பள்ளம், அப்புறம் ஹேமர் இல்லாமல் மெதுவாகத் தொடங்கி, பிட் நிலைத்ததும் ஹேமர். மெஷினை நேராகப் பிடியுங்கள், அழுத்தித் தள்ள வேண்டாம். முடிந்ததும் உள்ளே தூளை எடுக்க வேண்டும், பலர் இதை விட்டுவிட்டுப் பிளக் பாதியில் நின்றுவிட்டது என்று புலம்புவார்கள். ஒரு ஸ்ட்ராவை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள். 8 மி.மீ. பிட்டுக்கு 8 மி.மீ. பிளக். சுத்தியலால் ரெண்டு மூணு தட்டில் போக வேண்டும். விரலால் தள்ளினாலே போய்விட்டால் ஓட்டை பெரிது, 10 மி.மீ.க்கு மாறுங்கள். தீக்குச்சியைச் சொருகி முடுக்குகிற வேலையெல்லாம் நாட்காட்டி மாட்ட மட்டும்.

நாலு ஸ்க்ரூவும் முடுக்கியாயிற்றா? கண்ணாடியை இன்னும் தொடாதீர்கள். கட்டையில் கயிறு போட்டு ரெண்டு சிப்பம் அரிசியை, அதாவது 50 கிலோவை, தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கிற மாதிரித் தொங்கவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். கயிறு கட்டையின் முன்விளிம்புப் பக்கம் இருக்கட்டும். காலையில் கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையவில்லை என்றால் தைரியமாக ஏற்றலாம். விழுந்தாலும் அரிசிதானே, கூட்டி எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியை ஏற்றுவது

கட்டையின் மேல் சைக்கிள் டியூப்பை ஒரு பட்டையாக வெட்டி ஒட்டுங்கள், வழுக்காது, அதிர்வும் வாங்கும். சட்டத்தின் முதுகில் நாலு மூலைக்கும் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய சின்னத் துண்டுகள், அஞ்சு மி.மீ. கனத்துக்கு. பின்னால் காற்றுப் போய்வர அந்த இடைவெளி வேண்டும். மேல்சட்டத்தின் முதுகில் ரெண்டு பக்கமும், ஒரு இஞ்ச் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஓட்டை போட்ட இரும்புத் தகடு ஒவ்வொன்று. கண்ணாடியை ரெண்டு பேராகக் கட்டையில் உட்கார வைத்து, ஒருவர் நெஞ்சால் அணைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் தகட்டு ஓட்டை வழியாகச் சுவரில் குறிக்க வேண்டும். குறித்ததும் இறக்கிவிடுங்கள். சோம்பல்பட்டு, கண்ணாடி சுவரில் இருக்கும்போதே பக்கத்தில் டிரில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த அதிர்வை முப்பது வருஷப் பழைய கண்ணாடி பொறுத்துக்கொள்ளும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? இறக்கி, ஓட்டை போட்டு, பிளக் அடித்து, திரும்ப ஏற்றி, ரெண்டரை இஞ்ச் ஸ்க்ரூவை முடுக்குங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவிலும் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் முடுக்க முடுக்கச் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

கீழே கட்டை தெரியக்கூடாது என்கிறவர்கள், ஒரு பலகையை நீளவாக்கில் 45 டிகிரி சரிவாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் இன்னொரு பாதியை மேல்சட்டத்தின் முதுகிலும் அடித்து, ஒன்றின் மேல் ஒன்று கவ்வும்படி மாட்டலாம். நல்ல முறைதான். ஆனால் கனம் மறுபடி மூலை இணைப்புகளுக்குப் போய்விடுகிறது, அதனால் எல் தகடு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து மேல் ஸ்க்ரூ ரெண்டையும் ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள். துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள், விளிம்பு வழியாக இறங்கும் ஈரம் ரசத்தைத் தின்னும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போது மட்டும் கூடவே நில்லுங்கள். கட்டையில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது, தூக்கினால் வந்துவிடும் என்று நினைத்து மேல் ஸ்க்ரூவை ரெண்டையும் கழற்றிவிட்டு வாளியை எடுக்கப் போய்விடுவார்.